நரம்பறிவியல் எம்.எஸ்சி.: ‘ஏதாவது ஓர் உயிரியல் பட்டம்’ போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கான மேற்படிப்புகள் என்று தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த பட்டியலில் நியூரோசயின்ஸ் எனப்படும் நரம்பறிவியலும் இடம்பெற்றிருந்தது. தகுதி என்ற இடத்தில் ‘ஏதாவது ஓர் உயிரியல் பட்டம், 55 சதவீதம்’ என்று ஒரே வரி. தவறு என்று சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவத்தைத் திறக்க அது போதும். இடம் வாங்கவும், வாங்கிய பிறகு இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவும் போதாது. தருமபுரி, அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஒரு வரியை நம்பி ஆறாவது செமஸ்டரில் விழித்தால், அதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். உயிரியல், இயற்பியல், உளவியல் கற்பிக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். விஷயம் பெரிது என்பதால் கடிதமும் நீளம், பொறுத்தருள்க.

பெற்றோர் பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இந்தப் படிப்புக்கு நீட் தேவையில்லை. இதைப் படித்தவர் வலிப்பு நோயாளியைப் பார்த்து மாத்திரை எழுதவும் முடியாது. அது எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.எம். வரை போகும் மருத்துவர்களின் வேலை. நரம்பறிவியல் எம்.எஸ்சி. என்பது மூளையும் நரம்பணுக்களும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயப் பழக்கும் படிப்பு. வேதியியல், மின்னியல், கணக்கு, நடத்தை ஆய்வு எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்தக் கலவைதான் நம் மாணவர்களுக்குச் சிக்கல்.

கணக்கிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பிளஸ் ஒன் சேரும்போதே பயோ-மேத்ஸ் ஒரு பக்கம், ப்யூர் சயின்ஸ் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறோம். ப்யூர் சயின்ஸ் எடுத்து, பிறகு விலங்கியலோ உயிர்வேதியியலோ மைக்ரோபயாலஜியோ படித்தவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்கைத் தொட்டே இருக்கமாட்டார். எம்.எஸ்சி. முதல் மாதப் பாடத்தைப் பாருங்கள். நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் அயனி சுமார் 140 மில்லிமோலார், வெளியே சுமார் 5. இந்த வித்தியாசம் சவ்வின் இரு பக்கமும் எவ்வளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும்? 5-ஐ 140-ஆல் வகுத்து, அதன் மடக்கையை எடுத்தால் மைனஸ் 1.447 வரும். அதை உடல் வெப்பநிலைக்குரிய 61.5 என்ற எண்ணால் பெருக்கினால் மைனஸ் 89 மில்லிவோல்ட். நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்பது இவ்வளவுதான். மடக்கை என்றால் என்ன என்று மறந்துபோனவருக்கோ மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. அடுத்த வாரமே ‘வெளியே பொட்டாசியம் இரு மடங்கானால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது.

அடுத்து இயற்பியல். 100 மெகா ஓம் மின்தடையும் 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்குதிறனும் கொண்ட ஒரு நரம்பணுவுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் மின்னழுத்தம் உடனே உயராது. இரண்டையும் பெருக்கினால் வரும் 10 மில்லிநொடியில் இறுதி அளவின் 63 சதவீதத்தைத்தான் எட்டும். ஏன் 63? அதற்கு முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு தெரியவேண்டும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணவாய் மீனின் ராட்சத நரம்பிழையை வைத்து எழுதி, 1963-இல் நோபல் பரிசு வாங்கித்தந்த சமன்பாடுகள் இதே அடித்தளத்தில் எழுந்தவை. இன்றும் நரம்பறிவியல் பாடத்திட்டங்களில் அவை அடிப்படைப் பாடம்.

மூன்றாவது புள்ளியியல். இதில்தான் ஆய்வேடுகள் கவிழ்கின்றன. தற்செயலாக வரும் பொய் முடிவுக்கு 0.05, அதாவது 5 சதவீதம், என்ற வரம்பை வைத்துக்கொண்டு, உண்மையில் வேறுபாடே இல்லாத 20 ஒப்பீடுகளைத் தனித்தனியாகச் சோதித்தால், குறைந்தது ஒன்றிலாவது ‘வேறுபாடு உண்டு’ என்று பொய்யாக வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூளைப் படங்களில் ஒப்பிடும் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு எலியிலிருந்து எடுத்த 30 நரம்பணுக்களை 30 எலிகள்போல எண்ணிக் கணக்குப் போடுவது இன்னொரு நிரந்தரத் தவறு. இரண்டையும் தேர்வாளர் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேண்டிய கணக்கு முழுவதும் மாநிலப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களிலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது: மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு, வகையிடல், தொகையிடல், முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர், அணிகள், நிகழ்தகவுப் பரவல். திரிகோணமிதியில் சைன், கொசைன் அலைகள் வரை போதும். கூம்பு வெட்டிகளை விட்டுவிடலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டாம் ஆண்டிலேயே முடிக்கக்கூடிய அளவுதான். அதன்மேல் டி-சோதனை, அனோவா, ரிக்ரஷன், பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் ஆகியவற்றைப் படித்து, பைதான் என்ற கணினி மொழியில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தால் விலங்கியல் மாணவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார். ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்புகள் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம்.

இயற்பியல், கணினி அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். சமன்பாடு வரும், செல் உயிரியல் வராது. புரதம் எங்கே உருவாகிறது, ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன, ஜீன் வெளிப்பாடு என்றால் என்ன என்பதைத் தனியாகப் படித்துக்கொள்ளவேண்டும். உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் பழக்கம் என்பது பெரிய பலம். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்பதைச் சில இடங்களில் பார்ப்பார்கள்.

எங்கே படிக்கலாம்? ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், குவாலியரின் ஜிவாஜி பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் நரம்பு மற்றும் அறிதிறன் அறிவியல் மையம் ஆகியவை நேரடியான வழிகள். அறிதிறன் அறிவியல் என்ற பெயரில் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் காந்திநகர் ஐ.ஐ.டி.யிலும் நெருங்கிய படிப்புகள் உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிரியல் பிரிவின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் பி.எஸ்சி.யோடு சேரலாம், நரம்பறிவியல் மையம் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. பட்டத்தின் பெயரில் பிடிவாதம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலோ எய்ம்ஸிலோ உடலியங்கியல், உடற்கூறியல், உயிர்வேதியியல் எம்.எஸ்சி. படித்து, ஆய்வேட்டை மூளை சார்ந்து செய்தவர் பிஎச்.டி. வாசலில் நரம்பறிவியல் பட்டதாரிக்கு எந்த வகையிலும் குறைந்தவர் அல்ல.

நுழைவுத் தேர்வுகள் மூன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பயோடெக்னாலஜி தாளில் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடையுள்ள 30 கேள்விகளில்தான் தவறுக்குக் கழிவு. பல விடைகளுள்ள 10 கேள்விகளுக்கும் எண்ணாக விடையிடும் 20 கேள்விகளுக்கும் கழிவு கிடையாது. ஆகவே அவற்றைக் காலியாக விடுவது அறியாமை. இந்தத் தாளிலும் பிளஸ் டூ அளவிலான கணக்கு, இயற்பியல், வேதியியல் உண்டு என்பதைக் கவனியுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு மார்ச் வாக்கில் நடக்கும். 75 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. உயிரித்தொழில்நுட்பம் சார்ந்த படிப்புகளுக்கான காட்-பி தேர்வில் முதல் பகுதியின் 60 கேள்விகளும் பிளஸ் டூ அளவிலானவை, கட்டாயம். இரண்டாம் பகுதியில் 100-இல் 60-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 3 மதிப்பெண். எந்த நிறுவனம் எந்தத் தேர்வை ஏற்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அண்ணன் போன வருடம் எழுதினான் என்று அதையே எழுதாமல் அந்த நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பார்க்கவேண்டும்.

இனி, யாரும் சொல்லாத 55 சதவீதக் கணக்கு. நம் பல்கலைக்கழகங்களில் பகுதி 3-இல் உள்ள முதன்மைப் பாடங்களையும் அலைடு பாடங்களையும் வைத்து வகுப்பு போடுகிறோம். மாணவர் ‘எனக்கு 68 சதவீதம்’ என்பது அந்தக் கணக்கு. வெளி மாநில நிறுவனங்கள் பலவும் தமிழ், ஆங்கிலம் உட்பட எல்லாப் பாடங்களையும், எல்லா ஆண்டுகளையும் சேர்த்த சராசரியைக் கேட்கின்றன. முதலாண்டில் ஆங்கிலத்தில் 42 வாங்கியது அங்கே வந்து நிற்கும். 55-க்கு அருகில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும், 54.8-ஐ 55 ஆக்கித் தரமாட்டார்கள். சி.ஜி.பி.ஏ. மட்டும் உள்ளவர்கள் தாங்களாகவே பத்தால் பெருக்காமல், பல்கலைக்கழகத்தின் மாற்று விதியை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

சாதிச் சான்றிதழில் இழக்கும் இடங்கள் இன்னும் வருத்தத்துக்குரியவை. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஜாமுக்கோ க்யூட்டுக்கோ செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்ற குறிப்புடன் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்கவேண்டும். தங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் சரிபார்க்கவேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தேர்வும் சொல்லும். பழையதை ஏற்றினால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் தாலுகா அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை.

சேர்ந்த பிறகு பட்டம் வாங்க என்ன வேண்டும்? யு.ஜி.சி.யின் தற்போதைய கட்டமைப்பின்படி மூன்றாண்டு பட்டத்துக்குப் பிறகான இரண்டாண்டு முதுநிலைக்குக் குறைந்தது 80 கிரெடிட். நான்காண்டு ஹானர்ஸ் முடித்தவருக்கு ஓராண்டு, 40 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு, அல்லது 30 மணி நேர ஆய்வகம். 4 கிரெடிட் செய்முறை என்றால் 120 மணி நேரம் ஆய்வக மேசையில் நிற்கவேண்டும் என்று பொருள். பாடங்கள் பெரும்பாலும் நரம்பணுவின் மூலக்கூறு உயிரியல், மின்னுடலியங்கியல், நரம்பு உடற்கூறியல், புலன் மற்றும் இயக்க மண்டலங்கள், கற்றலும் நினைவும், வளர்ச்சி, நோய்கள், புள்ளியியல், கணினி மாதிரிகள் என்று போகும். சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுழற்சி முறையில் வேலை செய்த பிறகே ஆய்வேட்டுக்கான வழிகாட்டியைத் தேர்வுசெய்ய விடுவார்கள். கடைசி செமஸ்டர் முழுவதும் ஆய்வேடு.

ஆய்வேடு தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. எலியையோ சுண்டெலியையோ வைத்து வேலை என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மனிதர்களுக்கு ஈ.ஈ.ஜி. (தலையில் எலெக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது) எடுப்பதென்றால் ஐ.சி.எம்.ஆரின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவரின் எழுத்துபூர்வ இசைவும் வேண்டும். இந்தக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தில் விண்ணப்பிக்காதவர் நான்காம் செமஸ்டரில் கையைப் பிசைவார். அனுமதி கிடைத்தாலும் கைவேலை பழகவேண்டும். மூளையை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய பிறகு 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, அது அடியில் மூழ்கும்வரை காத்திருக்கவேண்டும். மிதந்துகொண்டிருக்கும்போதே எடுத்து உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகி, நுண்ணோக்கியில் திசு சல்லடையாகத் தெரியும். இரத்தத்தை முழுவதும் கழுவி வெளியேற்றாமல் விட்டால் சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிர்ந்து, சாயம் எது, இரத்தம் எது என்று பிரிக்க முடியாது. ஈ.ஈ.ஜி.யில் 50 ஹெர்ட்ஸில் ஒரு தடித்த அலை வந்தால் அது மூளை இல்லை, சுவரில் ஓடும் மின்சாரம். எர்த் சரியில்லை, அல்லது எலெக்ட்ரோடு தோலில் சரியாகப் பதியவில்லை. வடிகட்டியைப் போட்டு அதை மறைப்பதைவிட எலெக்ட்ரோடை மறுபடி பதிப்பதே சரி.

‘ஆய்வு அனுபவம் உண்டா?’ என்ற கேள்வி எந்த நேர்காணலிலும் வரும். பெரிய நகரப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது வாய்க்கும் என்று நம் பக்கத்தில் ஒரு மனக்குறை இருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நம் மாவட்டங்களில் எங்கும் கிடைக்கும் பட்டுப்புழுவே நரம்பறிவியலின் மூத்த சோதனை உயிரிகளில் ஒன்று. டீட்ரிச் ஷ்னைடர் 1957-இல் மணம் பட்டவுடன் உணர்கொம்பில் எழும் மின்மாற்றத்தை ஆண் பட்டுப் பூச்சியில்தான் பதிவுசெய்தார். ஆணை ஈர்க்கப் பெண் பூச்சி வெளியிடும் பாம்பிகால் என்ற வேதிப்பொருளை அடால்ஃப் புடெனாண்ட்டின் குழு 1959-இல் அடையாளம் கண்டது. அதற்குச் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஓர் உயிரி தன் இனத்துக்குச் சமிக்ஞையாக வெளியிடும் இத்தகைய வேதிப்பொருளுக்கு ஃபெரமோன் என்று பெயர்; உலகில் முதன்முதலில் இனம் காணப்பட்டது அதுதான்.

இறுதியாண்டு புராஜெக்டாக இதை நம் கல்லூரியிலேயே செய்யலாம். அங்காடியில் விலைபோய், நூற்பாலைக்குப் போகும் கூட்டுக்குள் புழுவைச் சூட்டில் கொன்றுவிடுவார்கள்; ஆகவே வளர்ப்பவரிடமே உயிருள்ள கூடுகள் இருபது முப்பது வாங்கி, காற்றோட்டமான தட்டில் வைத்தால் கூட்டுப்புழுவாகி பத்துப் பதினான்கு நாளில் பூச்சி வெளிவரும். வந்தவுடன் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடவேண்டும். இல்லையென்றால் நீங்கள் வருவதற்குள் இணைசேர்ந்திருக்கும். ஆணின் உணர்கொம்பை அடியில் வெட்டி, நுனியையும் சிறிது நறுக்கி, உப்புக் கரைசல் நிரம்பிய இரண்டு கண்ணாடி நுண்குழாய்களுக்கு நடுவில் பாலம்போல் வைக்கவேண்டும். குழாய்க்குள் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. பெண் பூச்சியின் வயிற்று நுனியைத் தேய்த்த வடிதாள் துண்டைக் குழாயில் வைத்து அரை நொடி காற்று ஊதினால், மில்லிவோல்ட் அளவில் ஒரு சரிவு தெரியும். வெற்றுத் தாளை வைத்து அதே காற்றை ஊதி ஒப்பிடாவிட்டால் இந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. காற்று மட்டுமே கொம்பை அசைத்திருக்கலாம்.

இதில் தவறுவது எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெள்ளிக் கம்பியில் குளோரைடு சீராகப் படியாவிட்டால் அடிக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கொம்பு காய்ந்துவிட்டால் சமிக்ஞை சுருங்கும். ஈரமான காற்றோட்டம் வேண்டும். செலவைக் குறைக்க ஒலிபெருக்கிக்கான ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டை வைத்தால் எதுவுமே தெரியாது. அது காதுக்குக் கேட்கும் வேகமான அதிர்வுகளுக்கானது. உணர்கொம்பின் சரிவு ஒரு நொடிக்கு மேல் நீளும் மெதுவான மாற்றம். அந்த சர்க்யூட்டில் உள்ள மின்தேக்கி அதை வடித்துவிடும். நேர் மின்னோட்டத்தைக் கடத்தும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் சில்லு ஒன்றும், பேட்டரி மின்சாரமும், எர்த் செய்த இரும்பு வலைக் கூண்டும் போதும். இயற்பியல் துறையும் விலங்கியல் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. நம் கல்லூரிகளில் அதுதான் அபூர்வம்.

இன்னொரு தலைப்பும் நம் மண்ணிலேயே இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃப்ளூரைடு பல்லையும் எலும்பையும் பாதிப்பது தெரிந்த கதை. வளரும் மூளையின்மீது அதன் விளைவு என்ன, எந்த அளவில் என்பது உலகம் முழுவதும் விவாதத்தில் இருக்கும் கேள்வி. எந்தக் கிணறு, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் என்று கவனமாக அளந்த ஒரு பட்டியலோடு நேர்காணலுக்குப் போகிறவர், ‘மூளை என்றால் எனக்கு சிறுவயதிலிருந்தே ஆர்வம்’ என்று தொடங்குகிற நூறு பேரிலிருந்து தனியாக நிற்பார்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதையும் நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. நம் பேருந்துகள் ஓசூர் சாலையில் போகும் வழியிலேயே நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய மனித மூளைகளைப் பார்க்கலாம். கோடையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்ய, நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நல்கை தருகின்றன. அறிவிப்பு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுவதென்றால் ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாமல், அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து அதில் எழுந்த ஒரு கேள்வியோடு பத்து வரி எழுதுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் கருவிலுள்ள மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளைக் கொண்ட வரைபடத் தொகுப்பை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்க்க நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஜெர்மனியில் கோட்டிங்கன், டூபிங்கன், மியூனிக், பெர்லின் ஆகிய இடங்களில் ஆங்கிலத்திலேயே நல்ல படிப்புகள் உள்ளன. பெரும்பாலும் 120 ஐரோப்பிய கிரெடிட், அதில் 30 ஆய்வேட்டுக்கு. அக்டோபரில் தொடங்கும் படிப்புக்குச் சில இடங்களில் ஜனவரியிலேயே கடைசி நாள். நம் மதிப்பெண்ணை அவர்கள் மாற்றும் முறை இது: 100-இலிருந்து உங்கள் சதவீதத்தைக் கழித்து, 60-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 60 என்பது 100-க்கும் தேர்ச்சி மதிப்பெண் 40-க்கும் உள்ள இடைவெளி. 72 சதவீதம் 2.4 ஆகும், 85 சதவீதம் 1.75. அங்கே எண் குறையக் குறையத் தரம் அதிகம். சான்றிதழ் சரிபார்ப்புக்கான ஏ.பி.எஸ். இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும். விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) காட்டவேண்டும். கல்விக் கட்டணமே இல்லை என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். டூபிங்கன் இருக்கும் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பிரிட்டனில் ஓராண்டில் 180 கிரெடிட் முடிந்துவிடும், ஆனால் கட்டணம் கடுமை, ஆய்வக நேரம் குறைவு. பிஎச்.டி. குறிக்கோள் என்றால் அந்த ஓராண்டுக்குக் கடன் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். பட்டியல் சாதி மாணவர்களும், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தினரும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பார்க்கலாம்: 60 சதவீத மதிப்பெண், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள்.

அங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு சின்ன விஷயங்களில். ஒன்று இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயராக விரியும், ஐ.இ.எல்.டி.எஸ். சான்றில் இன்னொரு மாதிரி வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றிலும் பதிவுசெய்து, வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் தயாராக வைக்கவேண்டும். மற்றொன்று பரிந்துரைக் கடிதம், இதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கே பங்கு உண்டு. ‘நல்ல ஒழுக்கமும் கடின உழைப்பும் உள்ளவர்’ என்று எல்லோருக்கும் ஒரே கடிதம் தருவதால் பயனில்லை. மாணவர் எந்தச் சோதனையைச் செய்தார், எங்கே தடுமாறினார், எப்படிச் சரிசெய்தார் என்று எழுதவேண்டும். ஜிமெயிலிலிருந்து வரும் பரிந்துரையைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. கல்லூரி முகவரி கேட்பார்கள். ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு முகவரி உருவாக்கித்தர முதல்வர்கள் மனம் வைத்தால் ஒரு மதியம் போதும்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். எம்.எஸ்சி.யோடு நின்றால் வாய்ப்புகள் குறைவு. ஆய்வக உதவியாளர், மருத்துவமனை ஆய்வுத் திட்டங்கள், மருத்துவத் தரவு நிறுவனங்கள் என்ற அளவில்தான் இருக்கும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிரறிவியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. செய்யலாம். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிதான் குறிக்கோள் என்றால் ஒரு எச்சரிக்கை: நரம்பறிவியல் எம்.எஸ்சி.யை விலங்கியல் எம்.எஸ்சி.க்கு இணையானதாக யாரும் தாமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இணைத்தன்மைக்கு அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்கவேண்டும். இல்லையென்றால் விலங்கியல் அல்லது உயிர்வேதியியல் எம்.எஸ்சி. படித்து ஆய்வேட்டில் நரம்பறிவியலுக்குள் நுழைவதே பாதுகாப்பு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலை மே மாதம் வெளியிடாமல், ஜாம் விண்ணப்பம் திறக்கும் செப்டம்பரில் வெளியிடுங்கள்; ஓ.பி.சி. சான்றிதழ் விதியையும் அதனுடனேயே அச்சிடுங்கள். கல்லூரிகளுக்கு ஒன்று: விலங்கியல், உயிர்வேதியியல் மாணவர்களின் இரண்டாம் ஆண்டு விருப்பப் பாடங்களில் கணிதமோ புள்ளியியலோ ஒன்றைத் திறந்துவையுங்கள். கணிதத் துறை அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. தேவைப்படுவது கால அட்டவணையில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.